எதைக் கொண்டு சொல்கிறாய்?

அன்புள்ள தம்பிக்கு,

நியாயம், வைசேடிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் என்று ஆறு பெயர்களையும், அவற்றுக்குரிய ஆறு ஆசிரியர்களையும் மனப்பாடமாக எழுதி அனுப்பியிருக்கிறாய். தேர்வுக்கு அது போதும். 'இந்தியத் தத்துவத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?' என்ற உன் கேள்விக்கு அது விடையாகாது. ஏனென்றால் அந்தப் பட்டியலே நிலையானதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையை எடுத்துப் பார். வஞ்சி மாநகரில் அளவைவாதி ஒருவன் ஆறு சமயங்களைச் சொல்கிறான். உலோகாயதம், பௌத்தம், சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாம்சை. யோகமும் வேதாந்தமும் அங்கே இல்லை. கடவுளையும் மறுபிறப்பையும் மறுக்கும் உலோகாயதம் முதலிடத்தில் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டில் 'ஷட்தரிசன சமுச்சயம்' எழுதிய சமண ஆசிரியர் ஹரிபத்திரரின் ஆறிலும் பௌத்தமும் சமணமும் உண்டு, வேதாந்தம் இல்லை. 14ஆம் நூற்றாண்டு 'சர்வதரிசன சங்கிரகம்' பதினாறு தரிசனங்களை விரிக்கிறது. அதுவும் உலோகாயதத்தின் மறுபெயரான சார்வாகத்தில்தான் தொடங்குகிறது. நீ மனப்பாடம் செய்தது பல கணக்குகளில் ஒன்று, பிற்காலத்தில் நிலைபெற்றுவிட்ட ஒன்று.

பட்டியல் மாறினாலும் மாறாத ஒன்று உண்டு. இந்தக் கட்சிக்காரர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி அது: 'நீ சொல்வது சரி, அதை எதைக் கொண்டு சொல்கிறாய்?' இதற்கான விடையை வடமொழியில் பிரமாணம் என்றார்கள். தமிழில் அதைவிட அழகான சொல் இருக்கிறது, அளவை. நெல்லை மரக்காலால் அளப்பது போல அறிவை அளக்கும் கருவி. சார்வாகன் கண்ணால் கண்டதொன்றே அளவை என்பான். வைசேடிகர் அதனோடு அனுமானத்தைச் சேர்ப்பார். சாங்கியர் நம்பத்தக்கவர் உரையையும் சேர்த்து மூன்று என்பார், நையாயிகர் உவமையோடு நான்கு என்பார். மீமாம்சகரில் பிரபாகரர் வழியினர் ஐந்து கொள்வர், குமாரிலபட்டர் வழியினர் ஆறு கொள்வர். அந்த ஐந்தாவதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு வேடிக்கையானது. தேவதத்தன் பகலில் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் உடம்பு பருத்துக்கொண்டே போகிறது. அப்படியானால் ராத்திரியில் சாப்பிடுகிறான் என்று கொள்ளாமல் தீராது. இது தனி அளவையா, அனுமானத்திலேயே அடங்குமா என்று நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். சில்லறைச் சண்டையாகத் தோன்றும். ஆனால் ஒரு கட்சி எதையெல்லாம் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் என்பது, அது எத்தனை அளவைகளை ஏற்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் அளவையே வாசல் என்கிறேன்.

அந்த வாசலில் ஒரு நிமிடம் நில். நையாயிகர் தரும் அனுமானம் ஐந்து உறுப்புகள் கொண்டது. மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களையில் போல. இந்த மலையிலும் அப்படிப்பட்ட புகை இருக்கிறது. ஆகவே நெருப்பு இருக்கிறது. அடுக்களை இங்கே சும்மா வரவில்லை. எதிராளியும் ஒப்புக்கொள்ளும் ஓரிடத்தைக் காட்டினால்தான் வாதம் நகரும். உடனே சார்வாகன் குறுக்கிடுவான்: 'நீ பார்த்தது பத்து அடுக்களை. பார்க்காத இடங்களிலும் அப்படித்தான் என்று யார் சொன்னது?' இது லேசான கேள்வி அல்ல. இதற்கு விடை தேடித்தான் நையாயிகர்கள் பிறழாத தொடர்பு எது, பிறழும் தொடர்பு எது என்று பிரிக்கத் தொடங்கினார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு இருந்தால் புகை இருக்க வேண்டுமா? பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. புகைக்கு நெருப்பு மட்டும் போதாது, ஈர விறகும் வேண்டும். இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். காப்பியத் தலைவி மணிமேகலை தன் பங்குக்குச் சுருக்கமான விடை ஒன்றை வைத்திருந்தாள். காட்சி மட்டுமே அளவை என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்டாள்.

'இதெல்லாம் இருக்கட்டும், கடைசியில் வேதம் சொன்னால் சரி என்பதுதானே?' என்று நீ கேட்கலாம். பாதி நியாயமான கேள்விதான். வேதத்தை ஏற்பவர் ஆத்திகர், ஏற்காதவர் நாத்திகர் என்பதே பழைய பிரிவு. கடவுளை வைத்துப் பிரித்ததல்ல. ஆனால் வேதத்தை ஏற்றதால் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. வேதத்துக்காகவே வாழ்ந்தவர்கள் மீமாம்சகர்கள். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை மறுத்தவர்களும் அவர்களே. குடத்துக்குக் குயவன் இருப்பது போல உலகுக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்றார் நையாயிகர். குயவனுக்கு உடம்பு இருக்கிறது, உன் கர்த்தாவுக்கு இருக்கிறதா, கருணையால் படைத்தான் என்றால் இத்தனை துன்பம் ஏன் என்று மடக்கினார் குமாரிலர். ஈசுவரகிருஷ்ணரின் 'சாங்கிய காரிகை' கடவுளுக்கு இடமே வைக்காமல் உலகத் தோற்றத்தை விளக்குகிறது. பின்னால் உதயணர் 'நியாய குசுமாஞ்சலி' என்று ஒரு நூல் முழுவதையும் கடவுள் உண்டு என்று நிறுவவே எழுத வேண்டியிருந்தது. எல்லாரும் நம்பியிருந்தால் அந்த நூலுக்கு வேலை ஏது?

இன்னொரு தடை, இது மேடைகளில் அடிக்கடி கேட்பது. எல்லா ஆறும் ஒரே கடலில் கலக்கின்றன, எல்லாத் தரிசனமும் ஒன்றையே சொல்கின்றன என்பார்கள். கேட்க இதமாக இருக்கும். நூல்களைத் திறந்தால் நிற்காது. சங்கரர், ராமானுஜர், மத்வர் மூவரும் உரை எழுதியது ஒரே பிரம்ம சூத்திரத்துக்கு. முடிவுகள் அத்வைதம், விசிஷ்டாத்வைதம், துவைதம். ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, அத்வைதிகள் கூறும் அவித்தை பொருந்தாது என்று ஏழு குற்றங்களை அடுக்குகிறார். நம் சைவ சித்தாந்தத்துக்கு வா. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார். அதற்கு வழிநூலாக அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரில் பாதி, பரபக்கம் என்ற பெயரில், பதினான்கு பிற கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுக்கிறது. அங்கும் முதலில் வருபவன் உலோகாயதன். இத்தனை உழைப்பையும் 'எல்லாம் ஒன்றுதான்' என்ற ஒரு சொல்லால் துடைத்துவிடுவது மரியாதை ஆகாது.

வீடுபேற்றுக்காக எழுந்த தத்துவத்தை நான் வெறும் தர்க்கமாக்குகிறேன் என்றும் உன் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். நியாய சூத்திரத்தின் முதல் சூத்திரத்தைக் காட்டு. பதினாறு பொருள்களின் உண்மையறிவால் மேலான நன்மை கிட்டும் என்கிறது அது. அந்தப் பதினாறில் முதலாவது பிரமாணம். சிவஞான சித்தியாரின் மறுபாதியான சுபக்கமும் அளவையில்தான் தொடங்குகிறது. பிறர் ஆறு, பத்து என்று விரிப்பவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று அது தீர்ப்புச் சொல்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வாத அரங்கு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. வேதம் கற்கச் சூத்திரருக்கு உரிமை இல்லை என்பதில், வேறு பலவற்றில் முரண்படும் சங்கரரும் ராமானுஜரும் உடன்படுகிறார்கள். வஞ்சியில் சமயக்கணக்கரைக் கேட்கப் போன மணிமேகலையும் பெண்ணாகப் போகவில்லை, மாதவன் ஒருவன் வடிவம் கொண்டுதான் போனாள். எதிர்க்கட்சிக்குக் கிடைத்த நீதியும் அரைகுறைதான். சார்வாகர் சொன்னவற்றில் பெரும்பகுதி இன்று அவர்களை மறுத்தவர்களின் எழுத்து வழியாகவே நமக்குக் கிடைக்கிறது.

இருந்தும் அந்த மரபில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மறுக்கப் புகுமுன் எதிராளியின் கட்சியை அவன் சார்பில் நின்று சொல்ல வேண்டும். அதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். நீயும் அப்படியே தொடங்கு. இந்தக் கடிதத்தில் வந்த கட்சிகளில் எது உனக்குக் கொஞ்சமும் ஒவ்வவில்லையோ, அதன் வாதத்தை இரண்டு பக்கம் எழுதி அனுப்பு. அந்தக் கட்சிக்காரன் படித்தால் 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்ப வேண்டும். உன் மறுப்பை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.