இயற்கை வடிவங்களும் அணிகலன் வடிவமைப்பும்

மாணவர்களே, தமிழர் அணிகலன்களின் பெயர்களைக் கவனியுங்கள். மாங்காய் மாலை காயின் வளைவையும், மல்லிகை அரும்பு மாலை மொட்டையும், சடைநாகம் பாம்பின் படத்தையும் நினைவூட்டுகின்றன. எனினும் பொற்கொல்லர் இயற்கையை அப்படியே பிரதிசெய்யவில்லை. தேவையற்ற விபரங்களை நீக்கி வடிவத்தை எளிமையாக்கினர். அவ்வலகை மீண்டும் மீண்டும் கோர்த்து லயம் பெற்றனர்.

பயிற்சி: கோமாரிக் கடற்கரையில் ஒதுங்கிய வெற்றுச் சிப்பியோடு ஒன்றின் வெளிக்கோட்டையும் விசிறி போன்ற வரிகளையும் வரைக. வரிகளை 5 ஆகக் குறைத்துப் பதக்கம் ஒன்றை வடிவமைக்குக. அணிபவரின் கழுத்தைக் கீறாதவாறு கூரிய விளிம்புகளை வட்டமாக்குக. பவளப்பாறையை உடைத்தெடுக்க வேண்டாம். இலங்கையில் அது சட்டப்படி குற்றமாகும்.

விடைக்குறிப்பு: “சிப்பி வடிவம்” என்று மட்டும் எழுதாது, எதனை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதையும் எழுதுக.