அளவில் பெரிய மிதிவண்டி

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் சமதளச் சாலை அரிது. 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்திற்கும் பிரிஞ்சாங்கை அடுத்துள்ள சுங்கை பாலாஸ் தோட்டத்திற்கும் செல்லும் சாலைகள் தேயிலைச் சரிவுகளை ஒட்டி வளைந்து வளைந்து செல்கின்றன. பல இடங்களில் எதிரே ஒரு கார் வந்தாலே ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையின் நீளம் சுமார் 60 கிலோமீட்டர். 1996 முதல் நடைபெறும் லங்காவி மிதிவண்டிப் போட்டியின் வீரர்களும் சில ஆண்டுகளில் இம்மலைமீது ஏறியிருக்கிறார்கள். அவர்கள் ஓட்டும் வண்டிகள் அவரவர் உடலுக்கு ஏற்பப் பொருத்தப்பட்டவை. நம் வீடுகளில் நிலைமை வேறு. அண்ணன் ஓட்டிய வண்டி தம்பிக்கோ தங்கைக்கோ வந்து சேரும். “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று பெரியவர்களும் சொல்லிவிடுவார்கள்.

பெரிய வண்டியைச் சரிசெய்யலாமா? ஓரளவுக்குச் செய்யலாம். முதலில் காலணி அணிந்து, வண்டியின் மேல் குழாய்க்கு இருபுறமும் கால்களை ஊன்றி நில்லுங்கள். உடலுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். குழாய் உடலில் முட்டினால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. சட்டகத்தைச் சுருக்க எந்தக் கருவியும் இல்லை. மேட்டில் திடீரென நிற்க நேர்ந்தால் கால் தரையை எட்டாமல் விழ நேரிடும்.

இடைவெளி இருந்தால் இருக்கையிலிருந்து தொடங்க வேண்டும். இருக்கையின் உயரத்தைத் தீர்மானிப்பது கால். பிரான்ஸ் சுற்றுப் போட்டியை மூன்று முறை வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமோண்ட் வழியாகப் பரவிய ஒரு கணக்கு உண்டு. தரையிலிருந்து தொடையிடுக்கு வரையிலான உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்க வேண்டும். உள்கால் நீளம் 75 சென்டிமீட்டர் என்றால் விடை ஏறக்குறைய 66. பெடல்களின் கரங்கள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை அந்த அளவு இருக்க வேண்டும். பெரிய வண்டிகளில் பெடல் கரங்களும் நீளமாக இருப்பதுண்டு. அப்போது பெடல் மேலே வரும்போது முழங்கால் அதிகமாக மடங்கும். குட்டைக் கரங்களை மாற்றிக் கொள்ளலாம், ஆனால் செலவாகும்.

அடுத்து வருவதுதான் பலரும் தடுமாறும் இடம். கைப்பிடி எட்டவில்லை என்றதும் இருக்கையை முன்னால் தள்ளிவிடுகிறார்கள். கை எட்டிவிடும், பழி முழங்காலுக்குப் போய்ச் சேரும். ஒரு நூலின் நுனியில் திருகு ஒன்றைக் கட்டுங்கள். இரு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்னால் உள்ள காலின் முழங்கால் சில்லுக்குக் கீழே நூலைத் தொங்கவிடுங்கள். அது பெடலின் அச்சை ஒட்டி விழ வேண்டும். இது துல்லியமான விதியன்று. ஆனாலும் நூல் அச்சைத் தாண்டி வெகுதூரம் முன்னால் விழுந்தால் இருக்கை அளவுக்கு மீறி முன்னே வந்துவிட்டது என்று பொருள். ஆகவே இருக்கையைக் காலுக்கு விட்டுவிட்டு, கைக்கான குறையைக் கைப்பிடிப் பக்கமே தீர்க்க வேண்டும்.

கைப்பிடியை வண்டியோடு இணைக்கும் குட்டைத் துண்டைக் கடைக்காரர்கள் ஸ்டெம் என்பார்கள். 110 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றி 90 மில்லிமீட்டரைப் பொருத்தினால் கைப்பிடி இரண்டு சென்டிமீட்டர் அருகே வரும். ஸ்டெம்மின் அடியில் வளையங்களைச் சேர்த்து உயர்த்த இடமிருந்தால் அதுவும் உதவும். முன் தண்டு பின்புறம் சாய்ந்திருப்பதால் 10 மில்லிமீட்டர் உயர்த்தும்போது கைப்பிடி சுமார் 3 மில்லிமீட்டர் பின்னால் வருகிறது. அதற்காக ஸ்டெம்மைக் குறைத்துக்கொண்டே போகக் கூடாது. 80 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் சாலை வண்டியின் திருப்பம் மிக இலகுவாகி, இறக்கத்தில் சிறு அசைவுக்கும் முன்சக்கரம் திரும்பக்கூடும். அவ்வளவு குறைத்தும் கை எட்டாவிட்டால் சட்டகமே பொருந்தவில்லை.

மலைச்சாலைக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரேக் பிடி. பெரிய வண்டியில் அதுவும் பெரிய கைகளுக்கு ஏற்ப விலகி இருக்கலாம். பெரும்பாலான பிடிகளில் அதை அருகே கொண்டுவர ஒரு சிறு திருகு இருக்கும். வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பற்றியபடி ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டிப் பாருங்கள். விரலின் நுனி மட்டும் தொட்டால் போதாது. விரல்கள் பிடியைச் சுற்றி மடங்க வேண்டும். பிடியை அருகே கொண்டுவந்த பிறகு, அது கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று நிறுத்தி வைத்த வண்டியிலும், அதன்பின் வாகனங்கள் இல்லாத சமதளத்திலும் சோதித்த பிறகே சரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.