ஒரே ஆள் இருக்கும் வீட்டுக்கு உள்பூட்டு எதற்கு?

கேள்வி: என் லினக்ஸ் கணினியை நான் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். ‘சாதாரணப் பயனர் ரூட் அதிகாரம் பெறும் பிழை’ பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: நீங்கள் மட்டும்தான் என்பதே சரியில்லை. பிரவுசர், பிடிஎஃப் ரீடர், எங்கிருந்தோ இறக்கிய நிரல் எல்லாமே உங்கள் பெயரில்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று ஏமாந்தாலும் புகுந்தவன் ‘நீங்கள்’ ஆகிவிடுவான். அவனை அதோடு தடுத்து நிறுத்துவது பயனருக்கும் முழு அதிகாரம் கொண்ட ரூட்டுக்கும் நடுவே உள்ள சுவர். அந்தச் சுவரிலும் ஓட்டை விழும் என்பதற்கு, 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளிப்படுத்திய ‘பவ்ன்கிட்’ பிழை சாட்சி. அந்தப் பிழை இருந்த பிகேஎக்ஸெக் என்ற நிரல், யார் இயக்கினாலும் ரூட் அதிகாரத்தோடு தொடங்கும். வெற்று உள்ளீட்டுப் பட்டியலோடு அழைத்தால், அது பட்டியலைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் கைவைத்தது. அந்தச் சந்தில் தாக்குபவரின் நிரல் ரூட்டாக ஓடியது. 2009 முதல் 12 ஆண்டுகளுக்கு மேல் திருத்தப்படாமல் கிடந்த பிழை இது.

‘என் கோப்புகளை அழிக்க ரூட் எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயம்தான், அதற்கு மருந்து, கணினியோடு இணைக்காமல் தனியே வைத்த பேக்கப். ஆனால் பாதுகாப்பு மென்பொருளை முடக்கவும், தடயங்களை அழிக்கவும், அடித்தளத்திலேயே ஒளிந்துகொள்ளவும் ரூட் வேண்டும். ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். திருத்தம் வரும்வரை, பிகேஎக்ஸெக்குக்குச் செய்ததுபோல, பிழையுள்ள நிரலை ரூட் அதிகாரத்தோடு தொடங்கவைக்கும் ‘செட்யூஐடி’ அனுமதியை நீக்கிவைக்கலாம். தேவையில்லாத அத்தகைய நிரல்களைக் களைவது இன்னும் நல்லது. கதவு குறைந்தால் காவலும் எளிது.