இருமினால் ரத்தமா? மறைக்க வேண்டாம்!



மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்த நம் குழு அக்கா ஒருவர், இருமும்போது ரத்தம் வந்ததை மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. "டிபின்னு ஊரே ஒதுக்கிடும்னு பயந்தேன்" என்றார். நாங்கள் கூடப் போய்ப் பரிசோதித்தோம். டிபி இல்லை, புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது.

ரத்தம் ஏன் வருகிறது?
நுரையீரலில் வளரும் கட்டி ரத்தக் குழாயை அரிப்பதால் ரத்தம் கசிகிறது.

வைத்தியம் உண்டா?
உண்டு. கசிவைக் குறைக்க டாக்டர் மாத்திரை தருவார். கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு, சிலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே ரத்தத்தை நிறுத்தும். அதிகம் வந்தால் ரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சையும் உண்டு. பரவிய நோய் முழுசா குணமாகாவிட்டாலும் ரத்தத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம்.

வீட்டில் என்ன செய்வது?
• கொஞ்சம் வந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அரை டம்ளர் அளவு வந்தாலோ, மூச்சு திணறினாலோ உடனே 108.
• நோயுள்ள நுரையீரல் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நல்ல பக்கத்துக்கு ரத்தம் போவது குறையும்.
• ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். அடர்நிறத் துண்டு வைத்திருந்தால் பார்ப்பவர்களுக்குப் பதற்றம் குறையும்.
• ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.
• முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

அந்த அக்காவுக்குக் கரண்ட் வைத்தபின் ரத்தம் நின்றது. இப்போது கூட்டத்துக்கு வருகிறார்.

கூட்டத்தில் பேசுவோம்: நோயை மறைக்காமல் சொல்லும் தைரியத்தை நம் குழு தருகிறதா?