அலைவாயிலிருந்து உவரிக்கு, பிள்ளைகளோடு

திருச்செந்தூரிலிருந்து உவரிவரை கரையோரமாகவே நடந்து போகலாமா, ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று கேட்கிறீர்கள். போகலாம். பெரியவர்கள் நடக்கிற மாதிரி நடக்க நினைத்தால்தான் சிக்கல்.

1. தை, மாசி மாதங்களே தோது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். தையில் வீசுவது வாடை. வடக்கேயிருந்து தெற்கே நடந்தால் முதுகுப்பக்கம் இருக்கும். தைப்பூசத் தேதியைப் பார்த்து அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பாதயாத்திரை வருகிறவர்களால் திருச்செந்தூரில் அறை கிடைக்காது. உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலிலும் அப்போதுதான் திருவிழா.

2. முழுத்தூரத்தையும் காலால் அளக்க வேண்டாம். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வரும். நடுவில் கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையமும் அதற்கான நிலக்கரி இறங்குதளமும் கரையை மறித்து நிற்கின்றன. மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் இடையில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இந்த இரண்டு இடத்திலும் பஸ் ஏறிவிடுங்கள். கரைக்கு இணையாகவே ரோடு போகிறது, பஸ்ஸும் உண்டு. முதல் நாள் திருச்செந்தூரிலிருந்து ஆலந்தலை. மறுநாள் குலசேகரன்பட்டினம்வரை பஸ், அங்கிருந்து மணப்பாடுவரை நடை. மூன்றாம் நாள் நடையே வேண்டாம். பெரியதாழை, உவரித் துண்டை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறினால் நடைக்கணக்கு கெட்டுப்போகும் என்று வீம்பு பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிள்ளைகள் இரண்டாம் நாளே அழுதுகொண்டு தோளில் வருவார்கள்.

3. மூட்டையோடு நடக்காதீர்கள். முதல் மூன்று இரவும் திருச்செந்தூரில் ஒரே அறை. நடந்து முடித்த ஊரிலிருந்து பஸ்ஸில் அறைக்குத் திரும்பி, மறுநாள் அடுத்த துண்டு தொடங்கும் இடத்துக்குப் போய்த் தொடருங்கள். பிறகு உவரிக்கு மாறிக்கொள்ளலாம். தோளில் தண்ணீர், தீனி, ஆளுக்கொரு மாற்றுத்துணி, ஒரு பழைய எட்டு முழ வேட்டி இருந்தால் போதும். வேட்டி எதற்கு என்றால், நிழலுக்கு. கரையில் மரம் இல்லாத இடம்தான் அதிகம்.

4. விடிந்ததும் கிளம்பி ஒன்பது மணிக்குள் நிறுத்திவிடுங்கள். நான்குக்கு மேல் மனமிருந்தால் இன்னும் கொஞ்சம். தை மாதம்தானே என்று உச்சிவெயிலை லேசாக எண்ண வேண்டாம். தண்ணீரிலும் மணலிலும் பட்டுத் திரும்பும் வெயில் தொப்பிக்குக் கீழே வந்து சுடும்.

5. கடலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பெரியவர்களில் ஒருவர் எப்போதும் கடல் பக்கமாக நடக்க வேண்டும். பிள்ளைகள் அவருக்கும் கரைக்கும் நடுவில். மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் கரையோரம் முழுக நடைவழி அடைபடும் பயம் இங்கே குறைவு. பயப்பட வேண்டியது அலைக்கும் இழுப்புக்கும். மணப்பாட்டில் அலை பெரிது, சறுக்குப் பலகையோடு வருகிறவர்கள் அதைத் தேடித்தான் வருகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அங்கே கணுக்கால் நனைந்தால் போதும். கருமேனியாற்றுக் கழிமுகம் மணல் மூடிக் கிடந்தாலும், ‘இதோ அந்தப் பக்கம்தானே’ என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். ஊர்க்காரரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் ரோட்டுக்கு ஏறிச் சுற்றி வாருங்கள்.

இன்னொன்று, கள்ளக்கடல். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது நினைவிருக்கும். சித்திரை, வைகாசியில்தான் அதிகம் என்றாலும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிலையம் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கள். விட்டிருந்தால் அன்று கோயில் பாருங்கள், கடல் வேண்டாம்.

6. சொறிமீன் (ஜெல்லிமீன்) ஒதுங்கிக் கிடந்தால் குச்சியால்கூடத் தொடவிடாதீர்கள். பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது. கடல்நீரால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 108.

7. ஈரமணலில் வெறுங்கால் சுகம். ஊர் நெருங்கியதும் செருப்பு: தூண்டில்முள், கண்ணாடிச் சில்லு, அறுந்த வலை எல்லாம் அங்கேதான். கரைக்கு மேலே ஏறினால் உடைமுள். நனைந்த கால்சட்டையில் மணல் ஏறித் தொடை உரசும். கிளம்பும்போதே தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள். இதைச் செய்யாதவர்களின் பயணம்தான் பாதியில் முடிகிறது, கால்வலியால் அல்ல.

8. கிராமங்களில் கரைதான் வீட்டு முற்றம். காயும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போகச் சொல்லிக்கொடுங்கள். வள்ளத்தின் நிழலில் உட்காருமுன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதிலிருந்தே பேச்சு தொடங்கும். ஆலந்தலை, மணப்பாடு போன்ற கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். வலை பின்னுகிறவரிடம் உங்கள் மகள் ஆயிரம் கேள்வி கேட்கலாம், அவருக்கும் நேரமிருக்கும். ஐஸ் பெட்டியும் ஏலமுமாக ஓடும் வேலைநாளில் ஒதுங்கி நில்லுங்கள்.

9. தீனிக்கு அவித்த பனங்கிழங்கு. தையில் இந்தப் பக்கமெல்லாம் கிடைக்கும்; நார் உரித்து உரித்துத் தின்பதற்குள் ஒரு மைல் போய்விடும். உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு சட்டைப்பையில் இருக்கட்டும், ‘முடியலப்பா’ என்று உட்காரும்போது எடுங்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். கரையோரத்துக் குழாயை நம்ப முடியாது.

10. பிள்ளை நண்டுக்குழி முன்னால் குந்தினால் நீங்களும் குந்துங்கள். ஒரு காலை முழுக்க இரண்டு கிலோமீட்டர்தான் ஆனது என்றால் என்ன இப்போது? தை, மாசி பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலமும்கூட. மணலில் துடுப்பு இழுத்த தடம் கண்டால் காட்டிக்கொடுங்கள், தோண்ட விடாதீர்கள். செத்து ஒதுங்கியதும் கண்ணில் படலாம். அதை மறைக்க வேண்டாம், கேட்டால் வலையில் மாட்டியிருக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

11. நடையில்லாத மூன்றாம் நாளுக்கு மணப்பாடு. குன்றின்மேல் கோயிலும் கலங்கரை விளக்கமும், அடியில் 1542-இல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் இருக்கின்றன. கடைசி நாள் உவரியில் கப்பல் மாதா கோயில்: கப்பல் வடிவத்தில் கட்டி, உச்சியில் ஆகாய விமானம் வைத்திருக்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரை இழுத்துப்போக வேறெதுவும் இவ்வளவு உதவாது.

12. ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருவருக்குமே வேண்டியிருக்கும். முதல் பஸ்ஸில் கூட்டமென்றால் அடுத்ததற்குக் காத்திருங்கள்.