பல்ஸ்டு ஃபீல்டு ஜெல்: முதலில் பிளக்கைச் சரியாகப் போடுங்கள்

பல்ஸ்டு ஃபீல்டு ஜெல்லைப் புதிதாக ஓட்டுகிறவர்கள், படம் கெட்டுப்போனால் உடனே மெஷினைச் சந்தேகிக்கிறார்கள். வோல்ட்டைக் கூட்டுகிறார்கள், நேரத்தை மாற்றுகிறார்கள், இன்னொரு இரவை வீணாக்குகிறார்கள். கோளாறு பெரும்பாலும் மெஷினில் இருப்பதில்லை. முந்தின நாள் அவசரமாகப் போட்ட அகரோஸ் பிளக்கில்தான் இருக்கும். அதனால் இங்கே பிளக்குக்கே அதிக இடம் கொடுக்கிறேன். சாதாரண அகரோஸ் ஜெல் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

முதலில் தத்துவம், சுருக்கமாக. ஒரே திசையில் மின்சாரம் பாயும் ஜெல்லில் ஏறக்குறைய 50 கிலோபேஸுக்கு மேற்பட்ட டிஎன்ஏ துண்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் நகர்ந்து, ஒரே பட்டையாகக் குவிந்துவிடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்வார்ட்ஸும் சார்லஸ் கேன்டரும் மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஈஸ்ட் குரோமோசோம்களைத் தனித்தனியே பிரித்து 1984-ல் வெளியிட்டார்கள். நேர்வீதியில் எல்லாத் தேரும் ஒரே மாதிரி நகரும். மூலை திரும்பும்போதுதான் பெரிய தேர் நேரம் எடுக்கும். டிஎன்ஏவும் அப்படித்தான். நீளம் கூடக்கூடத் திரும்ப எடுக்கும் நேரமும் கூடும்; அந்த வித்தியாசமே துண்டுகளைப் பிரிக்கிறது. 1986-ல் ஸ்டான்ஃபோர்டின் சூ, வால்ரத், டேவிஸ் மூவரும் 24 மின்முனைகளை அறுகோணமாக வைத்து 120 பாகையில் திசை மாற்றினார்கள். வளைந்து ஓடிய தடங்கள் நேராயின. இன்று நாம் ஓட்டும் செஃப் மெஷின் அந்த வழிவந்தது.

எடுத்துக்காட்டுக்குச் சால்மொனெல்லாவை எடுத்துக்கொள்வோம். உணவு நஞ்சாகும் சம்பவங்களில் ஒரே கிருமிதான் பரவுகிறதா என்று பார்க்க, 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய பல்ஸ்நெட் வலையமைப்பு வகுத்த முறை இது. நோய்க்கிருமி என்பதால் கையுறையும் கோட்டும் கட்டாயம். பயன்படுத்திய பொருள் எதையும் கிருமி நீக்காமல் வெளியே போடக்கூடாது.

நீளமான டிஎன்ஏ பைப்பெட்டில் ஒருமுறை இழுத்தாலே அறுந்துவிடும். அதனால்தான் செல்லை முழுசாக அகரோஸுக்குள் புதைத்து, உள்ளேயே உடைத்து, புரதத்தை வெளியேற்றி, டிஎன்ஏவை அங்கேயே விட்டுவிடுகிறோம். பிளக் என்பது இவ்வளவுதான்.

ஓர் இரவு வளர்ந்த புதுத் தட்டிலிருந்து மட்டுமே செல்லை எடுங்கள். ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் கிடந்த தட்டு வேண்டாம். டிரிஸ்-இடிடிஏ கரைசலில் கலக்கி, 610 நானோமீட்டரில் அடர்த்தி 1.35-க்கு வரும்வரை சரிசெய்யுங்கள். கண்ணால் பார்த்துக் கலங்கலை மதிப்பிடுவது கூடாது. செல் அதிகமானால் உடைப்பது முழுமையாகாது, பட்டைகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் அடியில் உள்ள சின்னத் துண்டுகள் படத்தில் தெரியவே தெரியாது.

400 மைக்ரோலிட்டர் செல், 20 மைக்ரோலிட்டர் புரோட்டினேஸ் கே (மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்), 55 டிகிரியில் உருகிய நிலையில் இருக்கும் 1 சதவீத அகரோஸ் 400 மைக்ரோலிட்டர். மெதுவாக மூன்று நான்கு முறை பைப்பெட் செய்து உடனே அச்சில் ஊற்றுங்கள். செல் கரைசல் ஃபிரிட்ஜில் இருந்து வந்ததா? அறை வெப்பத்துக்கு வந்த பிறகே கலக்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் பாதிக் கலவையிலேயே அகரோஸ் கட்டி தட்டிவிடும். பிளக்கின் ஒரு பக்கம் செல், மறுபக்கம் வெறும் ஜெல் என்று ஆகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாதிரி மட்டும் கலக்குங்கள். எட்டு டியூபை வரிசையாக வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களின் கடைசி மூன்று பிளக் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும்.

உடைப்பது எளிது: சார்கோசிலும் புரோட்டினேஸ் கேயும் கலந்த 5 மில்லிலிட்டர் பஃபரில், 54–55 டிகிரியில், குலுக்கியபடி ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். பிளக் டியூபின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் பஃபருக்குள் மூழ்கி இருக்க வேண்டும்.

அடுத்தது கழுவுவது. எல்லோரும் ஏமாற்றப் பார்க்கும் இடம் இதுதான். சுத்த நீரில் இரண்டு முறை, டிஇ பஃபரில் நான்கு முறை, ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம். நீரும் பஃபரும் முன்கூட்டியே 54–55 டிகிரிக்குச் சூடாகி இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் கழுவியதாகவே கணக்கில் சேராது. மிச்சமிருக்கும் புரோட்டினேஸ், டிஎன்ஏவை வெட்ட அடுத்து ஊற்றப்போகும் விலையுயர்ந்த நொதியைத் தின்றுவிடும். சார்கோசிலும் அதைச் செயலிழக்கச் செய்யும். கலங்கலாக இருந்த பிளக் கண்ணாடி போலத் தெளிந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளியவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நீரை வடிக்கும்போது வலைமூடி போடுங்கள். இல்லாவிட்டால் பிளக்கும் சேர்ந்து தொட்டிக்குள் போகும்.

இரண்டு மில்லிமீட்டர் துண்டு நறுக்கி, வெட்டும் நொதியின் பஃபரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். டிஇயில் உள்ள இடிடிஏ, நொதிக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்த ஊறல் அவசியம். பிறகு புதுப் பஃபரில் எக்ஸ்பிஏ-1 நொதி 50 யூனிட், 37 டிகிரி, இரண்டு மணி நேரம். எல்லாத் துண்டும் ஒரே தடிமனாக இருக்கட்டும்.

துண்டுகளைச் சீப்பின் பல் நுனியில் வரிசையாக ஒட்டி, ஈரத்தை டிஷ்யூவால் ஒற்றி, ஐந்து நிமிடம் விட்டு, சீப்பை நிறுத்தி ஜெல்லை ஊற்றுங்கள். ஜெல் இறுகிய பிறகு குழிக்குள் துண்டைத் தள்ளுவதை நான் ஏற்க மாட்டேன்; காற்றுக்குமிழ் சிக்கும், தடம் கோணும். அளவுகோலாக சால்மொனெல்லா பிரெண்டரப் எச்9812-ஐ இரண்டு ஓரத்திலும் நடுவிலும் வையுங்கள்.

ஓட்டம்: 0.5 மடங்கு டிபிஇ பஃபர், 14 டிகிரி, சென்டிமீட்டருக்கு 6 வோல்ட், 120 பாகை, திசைமாற்ற நேரம் 2.2 வினாடியில் தொடங்கி 63.8 வினாடி வரை, 18–19 மணி நேரம். ஸ்டார்ட் அழுத்தியதும் கிளம்பிவிடாமல் மின்னோட்டத்தைப் பாருங்கள். 110 முதல் 150 மில்லியாம்பியருக்குள் இருந்தால் சரி. அதைவிட நிறைய ஏறினால் பஃபரை அடர்த்தியாகக் கலந்திருக்கிறீர்கள்.

ஈஸ்ட் குரோமோசோம்களுக்கு, அதாவது 225 கிலோபேஸ் முதல் 2.2 மெகாபேஸ் வரை, 60 வினாடியில் 15 மணி நேரம், பிறகு 90 வினாடியில் 9 மணி நேரம். பிளவு ஈஸ்ட்டின் 5.7 மெகாபேஸ் குரோமோசோமுக்குச் சென்டிமீட்டருக்கு 2 வோல்ட்தான், திசை மாற அரைமணி, மொத்தம் மூன்று நாள். பொறுமையில்லாமல் வோல்ட்டைக் கூட்டினால் பெரிய மூலக்கூறு ஜெல்லில் சிக்கி நின்றுவிடும்.

படத்தில் பட்டைகளுக்கு நடுவே மங்கலான போலிப் பட்டைகள் தெரிந்தால் நொதி முழுதாக வெட்டவில்லை, கழுவியது போதாது. ஒரு தடம் மட்டும் மேலிருந்து கீழ்வரை இழுத்துக்கொண்டு, புதுப் பிளக் போட்டாலும் அப்படியே வந்தால், அந்தக் கிருமியின் டிஎன்ஏ ஓட்டத்தின்போதே சிதைகிறது. ஓட்டும் பஃபரில் 50 மைக்ரோமோலார் தயோயூரியா சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மீதிப் பிளக்கை டிஇ பஃபரில் 4 டிகிரியில் வையுங்கள், மாதக்கணக்கில் கெடாது. படம் சரியில்லை என்றால் மறுபடி கிருமி வளர்க்கத் தேவையில்லை. அதே பிளக்கை இன்னும் இரண்டு முறை சூடான டிஇயில் கழுவி, புதுத் துண்டு நறுக்கி ஓட்டுங்கள்.