பிரேக் பெடலுக்குக் கீழே பாஸ்கல் விதி

எங்கள் வீட்டில் 1978-ஆம் ஆண்டு அம்பாசடர் கார் ஒன்று இருக்கிறது; என் தந்தையார் வாங்கியது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் நாமகிரிப்பேட்டைக்கும் ராசிபுரத்துக்கும் இடையே இந்தக் கிழவர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்.

சென்ற தை மாதத்தில் ஒருநாள், முன்னால் மஞ்சள் மூட்டை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று சாலையில் நின்றது. நானும் நிறுத்துவதற்காகப் பெடலை மெல்ல மிதித்தேன். காரின் வேகம் குறைந்தது. ஆனால் பெடல் ஓரிடத்தில் நிற்கவில்லை. கிணற்றில் விட்ட வாளியைப் போலக் கால் கீழே கீழே போயிற்று. காலை எடுத்து மறுபடி ஓங்கி மிதித்தேன். இம்முறை பிடித்தது. இறங்கிப் பார்த்தபோது லாரியின் பின்பலகைக்கும் எங்கள் காருக்கும் இடையே ஒரு முழந்தான் இருந்தது.

வீட்டுக்கு மெதுவாக வந்து சேர்ந்து, நான்கு சக்கரங்களையும் குழாய்களையும் கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒரு சொட்டு ஈரமில்லை. பிரேக் ஆயில் தொட்டியும் நிறைந்தே இருந்தது. மாணவர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். பெடல் தாழ்ந்தது என்றால் அது தள்ளிய ஆயில் எங்கோ போயிருக்க வேண்டும். வெளியே ஒழுகவில்லை, தொட்டியிலும் குறையவில்லை. அப்படியானால் எங்கே போயிற்று?

விடை காண, பெடலின் மறுமுனையில் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே பார்க்க வேண்டும். இது ஓர் உலோக உருளை. அதனுள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் முன்னால் கிண்ணம் போன்ற ஒரு ரப்பர் கப். பெடலை மிதித்தால் தள்ளுதண்டு பிஸ்டனைத் தள்ளுகிறது; பிஸ்டன் ஆயிலை அழுத்துகிறது. 'அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும்' என்பது நீங்கள் படித்த பாஸ்கல் விதி. பாஸ்கல் (1623–1662) இதை விளக்கி எழுதிய நூல் அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1663-இல் அச்சாயிற்று. அதைக் கார் பிரேக்கில் பயன்படுத்த, 1917-இல் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் உரிமை பெறும்வரை இரண்டரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் பூண்ட டியூசன்பர்க் கார் 1921-இல் விற்பனைக்கு வந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். காலால் 20 கிலோ எடையளவு அழுத்துகிறோம். பெடல் ஒரு நெம்புகோல். ஐந்து மடங்கு பெருக்குகிறது எனக் கொண்டால் பிஸ்டன்மேல் 100 கிலோ. உருளையின் விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14 சதுர செ.மீ. ஆகவே ஆயிலில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 32 கிலோ. அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் 30 மடங்குக்கும் மேல். சக்கரத்திலுள்ள சிறு பிஸ்டனின் பரப்பு 5 சதுர செ.மீ. ஆனால் பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்தும் விசை 160 கிலோ. இவ்வளவையும் தாங்கி நிற்பது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய அந்த ரப்பர் கப்தான்!

கப்பின் விளிம்பு விரிந்தபடி இருக்கும். அழுத்தம் மிகும்போது விளிம்பு உருளைச் சுவரோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அது தேய்ந்துபோனால், மெல்ல மிதிக்கும்போது சரியாக ஒட்டாது. ஆயில் விளிம்பைத் தாண்டிப் பிஸ்டனின் பின்புறம் நழுவித் தொட்டிக்கே திரும்பிவிடும். ஓங்கி மிதித்தால் ஒட்டிக்கொள்ளும். என் பெடலின் புதிர் இதுதான். ஆயில் எங்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது.

பாஸ்கல் விதியில் ஓர் ஆபத்தும் உண்டு. அழுத்தம் எங்கும் சமமாகப் பரவுகிறது என்றால், ஓரிடத்தில் அழுத்தம் தேங்காவிட்டால் வேறெங்கும் தேங்காது என்றுதானே பொருள்? எங்கள் காரில் இருப்பது ஒற்றை அறைச் சிலிண்டர். ஒரு கப் தோற்றால் நான்கு சக்கரங்களும் ஒருசேரக் கைவிடும். பிற்காலக் கார்களில் ஒரே உருளையில் இரண்டு பிஸ்டன், இரண்டு தனித்தனி வழி வைத்தது இதனால்தான்.

ராசிபுரத்தில் நாற்பது ஆண்டு அனுபவமுள்ள பழைய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். உருளையைக் கழற்றி, துடைத்து, உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவினார். "குழி உழுந்திருக்குதுங்க சார். புது கப்பு போட்டாலும் அந்தக் குழி அதை அறுத்துப்போடும். முழுசா மாத்திருங்க" என்றார். குழிக்குக் காரணம் துரு. பிரேக் ஆயில் என்று பெயரே தவிர, அது எண்ணெய் அல்ல. கிளைகால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரமே ஆண்டுக்கணக்கில் உருளையை அரித்திருந்தது. (எண்ணெய்தானே என்று இஞ்சின் ஆயிலை அதில் ஊற்றுவோர் உண்டு. ரப்பர் ஊதிப்போய் பிரேக் முழுவதும் பாழாகிவிடும்.)

புதிய உருளையை மாட்டுவது அரைமணி வேலை. இரண்டு போல்ட், ஒரு குழாய் நட், பெடலோடு இணைக்கும் ஒரு பின், அவ்வளவே. ஆனால் அதன்பின் அரைநாள் ஆயிற்று. குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பட்டறைகளில் இதை 'ஏர் எடுப்பது' என்பார்கள். கொஞ்சம் காற்று இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நாம் கண்ட அழுத்தத்தில் திரவம் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் சுருங்கும். காற்றோ பாயில் விதிப்படி சுருங்கும். 3 கன செ.மீ. காற்று 33 மடங்கு சுருங்கி 0.1 கன செ.மீ.க்கும் கீழே போய்விடும். இந்த 2.9 கன செ.மீ. இடத்தை நிரப்பப் பிஸ்டன் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வீணாக நகர வேண்டும். அதற்குக் கால் அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 4½ செ.மீ. இறங்க வேண்டும். ஒரு தேக்கரண்டிகூட இல்லாத காற்று, பெடலைப் பஞ்சாக்கிவிடுகிறது!

தொலைவிலுள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கினோம். நிப்பிளில் ஒரு கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்தினேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்வாள்; நான் நிப்பிளைத் திறப்பேன்; குமிழ்கள் வரும்; மூடியபின் "விடு" என்பேன். மூடுமுன் காலை எடுத்தால் வெளியேறியது மீண்டும் உள்ளே இழுக்கப்படும். தொட்டி வற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிச் சக்கரமும் முடிந்ததும் மிதித்துப் பார்த்து, "கல்லாட்டம் இருக்குதுப்பா!" என்றாள்.

ஆனால் கல்லாட்டம் இருந்தது மட்டும் போதவில்லை. சோதனை ஓட்டத்தில் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் கார் தானாகவே இழுத்துப் பிடித்தது. டிரம்மைத் தொட முடியாத சூடு. பிழை என்னுடையது. தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட மறந்திருந்தேன். ஓய்வு நிலையில் கப்புக்குச் சற்று முன்னால், உருளைச் சுவரில் ஊசிமுனை போன்ற ஒரு துளை இருக்கும். சூட்டால் விரியும் ஆயில் அதன் வழியே தொட்டிக்குத் திரும்பும். இடைவெளி இல்லாததால் கப் அந்தத் துளையை மூடிக்கொண்டே நின்றது. விரிந்த ஆயில் போக வழியின்றி ஷூவை அழுத்தியது. உராய்வால் மேலும் சூடு. சூட்டால் மேலும் விரிவு. இயற்பியல் கற்பிப்பவன் இதை மறந்தேன் என்று வகுப்பில் சொன்னபோது மாணவர்களுக்கு ஒரே சிரிப்பு.

தண்டைத் திருத்திய பிறகு கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் 1 கோடியே 40 லட்சம் ஜூல். இது முழுவதும் பிரேக்கில் வெப்பமானால், 30 டிகிரியில் உள்ள 47 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். புதிய டாட் 3 வகைப் பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலோ 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ்கள். பாடுபட்டு வெளியேற்றிய காற்று வேறு உருவில் திரும்பி வந்ததுபோலத்தான்.

ஆகவே இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். வெப்பத்தில் பெரும்பகுதியை இஞ்சின் ஏற்றுக்கொண்டது. காரவள்ளியில் நிறுத்தி, பெடலை மெல்ல மிதித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தேன். அது அசையவில்லை.